கல் இறங்கிய துறை

சென்ற மாதம் ஒரு பதிலின் நடுவே ஒரு வரி எழுதியிருந்தேன். இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்த எட்டு மாதங்களில் என் மனத்தில் தங்கிவிட்ட இடம் லண்டனில் இல்லை, டெவன் பகுதியில் புதர் மண்டிக் கிடந்த ஒரு கால்வாய்ப் படகுத்துறையில் இருக்கிறது என்று. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பையை நிறைத்துவிட்டன. மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை எல்லாப் பதில்களும் அந்தத் துறையைப் பற்றியவை.

*அரண்மனையும் மியூசியமும் இருக்கும் நாட்டில், தூர்ந்துபோன ஒரு கால்வாயில் அப்படி என்ன கண்டீர்கள் ஐயா?*
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பொதுப்பணித்துறையில் மதகும் கரையுமாக முப்பத்தொரு ஆண்டுகள் உழைத்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். நியூட்டன் அபட் என்ற ஊரில் மகள் வீடு. அங்கிருந்து வடக்கே ஒரு நடைபாதை கிளம்பிப் போகிறது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் சேற்று நிலம். அந்தப் பள்ளம்தான் ஸ்டோவர் கால்வாய். நீளம் இரண்டு மைலுக்குச் சற்றுக் குறைவு, அதற்குள் ஐந்து லாக்குகள், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டிகள். மேல் கோடியில் டீன்கிரேஸ் என்ற சிறிய கிராமத்தை ஒட்டி வென்டிஃபோர்டு துறை.

முதல் நாள் போனபோது தூறல். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு வரிசைப் பழைய வீடுகள், மண் சரிந்த ஒரு நீள்குட்டை, கணுக்கால் அளவுத் தண்ணீர், அதன்மேல் அழுகிய இலைகள். அவ்வளவுதான். கரையோரமாக நடந்தபோது செருப்புக்கு அடியில் தரை மாறியது தெரிந்தது. குனிந்து இலையை ஒதுக்கினேன். கிரானைட். பாவுகல் என்று நினைத்துக் கையை ஓட்டினேன். கல்லின் ஒரு பாதி உயர்ந்தும் மறு பாதி ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் ஆழம் தாழ்ந்தும் இருந்தது. தாழ்ந்த பகுதி வழவழப்பு, உயர்ந்த பகுதி உளி பட்ட சொரசொரப்பு. அடுத்த கல்லிலும் அதே படி, அதே நேர்கோட்டில். நாலடி தள்ளி அதற்கு இணையாக இன்னொரு வரிசை. அப்போதுதான் புரிந்தது, நான் நின்றுகொண்டிருந்தது தண்டவாளத்தின் மேல். கல்லிலேயே செதுக்கிய தண்டவாளம்.

மழை வலுத்த பிறகும் நான் நகரவில்லை. லண்டன் பாலத்துக்குப் போன கல் இந்தக் கல்லின் மேல் உருண்டு வந்து, இந்தக் குட்டையில் நின்ற படகில் இறங்கியது என்பதை வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்த இடம் என்னைப் பிடித்துக்கொண்டது.

*கல்லில் தண்டவாளமா? ரயில் அதில் எப்படி ஓடியது? வளைவுகளில் என்ன செய்தார்கள்?*
— பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

தம்பி, உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல ஆசை.

ரயில் எஞ்சின் ஓடவில்லை, குதிரைகள்தான். டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் ஹேடோர் என்றொரு பாறைக்குன்று. அதன் சரிவுகளில் கிரானைட் குவாரிகள். அங்கிருந்து வென்டிஃபோர்டுக்குச் சுமார் 10 மைல்; இறக்கம் ஏறத்தாழ 1,300 அடி. இந்தப் பாதை 1820 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இரும்பு விலை உயர்ந்த பொருள், தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். கல்லோ காலடியில் கிடக்கிறது, அதை உடைத்துச் செதுக்கத் தெரிந்த ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள். கையில் இருப்பதைக் கொண்டு கட்டினார்கள். பொறியியல் என்றால் எனக்கு அதுதான்.

இன்றைய ரயிலில் சக்கரத்தில் விளிம்பு இருக்கிறது, தண்டவாளம் வெறுமனே தாங்குகிறது. ஹேடோர் பாதையில் இது தலைகீழ். சக்கரம் வண்டிச்சக்கரம் போலத் தட்டையானது. அதை வழிநடத்தும் விளிம்பு கல்லில் இருந்தது. ஒவ்வொரு கல்லிலும் வெளிப்பக்கத்தைப் படியாகச் செதுக்கி இறக்கினார்கள், உள்பக்கம் உயர்ந்து நின்றது. சக்கரம் படியில் உருளும், உள்ளே சறுக்கப் பார்த்தால் உயர்ந்த விளிம்பு தடுக்கும். இரு வரிசைகளுக்கும் இடையகலம் 4 அடி 3 அங்குலம். நடுவில் குதிரை நடக்க மண் தரை.

வளைவுகளில் சிறிய கற்களை அடுத்தடுத்துத் திருப்பி வைத்தார்கள். நேர்ப்பாதையில் நீளமான கற்கள். பாதை பிரியும் இடங்கள்தான் பார்க்க வேண்டியவை. ஒரே கல்லில் இரண்டு தடங்கள் இரண்டு பக்கமாக விலகிப் போகும்படி செதுக்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சக்கரத்தைத் திருப்ப, கல்லில் குழி தோண்டி அதில் நாக்குப் போன்ற ஒரு துண்டைப் பொருத்தியிருந்தார்கள். நாக்குகள் போய்விட்டன, குழிகள் மேட்டில் இன்னும் இருக்கின்றன. அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே மழைநீரும் ஒரு நத்தையும் இருந்தன.

வண்டிகள் பன்னிரண்டு வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வரும். குவாரியிலிருந்து இறங்கும்போது பாரமே வண்டியைத் தள்ளும், அதைக் கட்டுப்படுத்தி இறக்குவதுதான் வேலை. காலி வண்டிகளை மேலே இழுத்துப் போகத்தான் குதிரைகள் அத்தனை தேவைப்பட்டன. பதினெட்டுக் குதிரைகள் வரிசையாகப் பூட்டிப் போனதாகச் சொல்கிறார்கள். வழியில் மைல்கற்கள் நட்டார்கள், அவற்றில் சில இன்னும் நிற்கின்றன. அந்த எண்கள் குவாரியிலிருந்து தொடங்கவில்லை, வென்டிஃபோர்டிலிருந்து தொடங்குகின்றன. அந்தப் பாதைக்கு எது தலைவாசல் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவைக்க முடியாது.

*லண்டன் பாலம் என்று நீங்கள் சொல்வது இரட்டைக் கோபுரம் உள்ள பாலம்தானே?*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

இல்லை ஐயா. படங்களில் நாம் பார்க்கும் கோபுரப் பாலம் வேறு, அது 1894ல் திறக்கப்பட்டது. நான் சொல்வது அதற்குச் சற்று மேற்கே தேம்ஸ் நதியைக் கடந்த ஐந்து வளைவுக் கல் பாலம். ஜான் ரென்னி வடிவமைத்தார். 1821ல் அவர் இறந்துவிட, அவருடைய மகன் கட்டி முடித்தார். 1825ல் அடிக்கல், 1831 ஆகஸ்டு 1ல் நான்காம் வில்லியம் மன்னர் திறந்துவைத்தார். அதற்குப் போன கிரானைட்டில் ஹேடோர் கல்லும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தின் கட்டடத்துக்கும் இந்தக் குவாரிகளின் கல் போயிருக்கிறது.

அந்தப் பாலத்தையும் இன்று லண்டனில் பார்க்க முடியாது. பாரம் தாங்காமல் அமிழத் தொடங்கியதால் 1968ல் அமெரிக்கத் தொழிலதிபர் ராபர்ட் மெக்குல்லோக்குக்கு 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றார்கள். முகப்புக் கற்களை எண் போட்டுக் கழற்றி, அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு நகரத்தில் கான்கிரீட் கட்டுமானத்தின் மேல் போர்த்தினார்கள். 1971ல் அங்கே திறப்பு விழா நடந்தது. ஆக, டார்ட்மூர் மழையில் பிறந்த கல் பாலைவன வெயிலில் நிற்கிறது. அது படகில் ஏறிய துறை மட்டும் ஏறிய இடத்திலேயே இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ செய்கிறது.

*கால்வாயை வெட்டியவர் இந்தியாவில் பணம் சேர்த்தவர் என்று கேள்விப்பட்டேன். நம் பணத்தில் வெட்டிய கால்வாயை நாமே புகழ வேண்டுமா?*
— ஒரு வாசகர், மதுரை

கோபம் நியாயமானது. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று தலைமுறைக் கதை இது. முதல் ஜேம்ஸ் டெம்ப்ளர் எக்ஸிடர் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர், அநாதை. தொழில் கற்கும் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு இளம் வயதிலேயே இந்தியாவுக்குப் போய், கையில் பொருளோடு திரும்பினார் என்று சொல்கிறார்கள். பிறகு கப்பல் தளங்கள் கட்டும் ஒப்பந்தங்களில் பெரும் செல்வம் சேர்த்து, 1765ல் ஸ்டோவர் பண்ணையை வாங்கினார். கால்வாயை வெட்டியது அவருடைய மகன், அவரும் ஜேம்ஸ்தான். 1790ல் வேலை தொடங்கி, 1792க்குள் வென்டிஃபோர்டு வரை வந்தது. இன்னும் மேலே போவி டிரேசி ஊர் வரை கொண்டுபோக வேண்டும் என்பது அவர் எண்ணம், அது நிறைவேறவில்லை. பாதியில் நின்ற இடமே துறையாயிற்று. கல் பாதையைப் போட்டவர் பேரன் ஜார்ஜ். அவர் கையில் செல்வம் நிற்கவில்லை. 1829ல் பண்ணை, கால்வாய், கல் பாதை மூன்றையும் சோமர்செட் பிரபுவுக்கு விற்றுவிட்டார். தாத்தா சேர்த்தது பேரனோடு கைமாறியது.

நான் புகழ்வது டெம்ப்ளர்களை இல்லை. அவர்கள் பெயரில் அங்கே பாதையே இருக்கிறது, என் புகழ்ச்சி அவர்களுக்கு வேண்டியதும் இல்லை. பாறையில் துளை போட்டு, ஆப்பு அடித்து, கோடு பிசகாமல் பிளந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. 25 டன் பாரம் ஏற்றிய படகைத் தோளில் கயிறு போட்டு இழுத்தவர்கள் பெயரும் இல்லை. அவர்கள் எழுதிவைத்தது அந்தப் படிக்கல் வரிசை ஒன்றுதான். அதைக் குனிந்து படிக்கிறவன் யாரையும் வணங்கிவிடவில்லை. உங்கள் கோபத்தை விட்டுவிடாதீர்கள், கல்லையும் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

*கல்லுக்காகத்தான் கால்வாய் வெட்டினார்களா?*
— கல்லூரி மாணவி, திருச்சி

நல்ல கேள்வி அம்மா. ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கால்வாய் 1792, கல் பாதை 1820. நடுவில் இருபத்தெட்டு ஆண்டுகள். அப்படியானால் அதுவரை படகில் என்ன போயிற்று?

களிமண்.

போவிப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் மண் சுட்டால் வெளுப்பாகும். பிசைந்தால் வெண்ணெய் போல வளைந்து கொடுக்கும். பீங்கான் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு குணமும் ஒரே மண்ணில் கிடைப்பது பெரிய வரம். நடு இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரின் பீங்கான் ஆலைகளுக்கு இந்த மண் தேவைப்பட்டது. சதுரக் குழி தோண்டி, மண்ணைக் கட்டம் கட்டமாக வெட்டி, முப்பது முப்பத்தைந்து பவுண்டு எடையுள்ள கட்டிகளாக எடுப்பார்கள். கை மாறி, வண்டி மாறி, படகு மாறிப் போவதற்குள் சதுரக் கட்டியின் மூலைகள் தேய்ந்து உருண்டையாகிவிடும். அதனால்தான் ஆங்கிலத்தில் அந்த மண்ணுக்கே உருண்டை என்ற பொருளில் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

அதன் பயணத்தைக் கொஞ்சம் பாருங்கள். கால்வாயில் இறங்கிய படகு, ஜெட்டி மார்ஷ் என்ற கீழ்க்கோடி லாக்கைத் தாண்டி ஒரு வாய்க்கால் வழியாக டீன் நதியின் கழிமுகத்துக்கு வரும். அங்கே ஒற்றைச் சதுரப் பாய் விரித்து டின்மத் துறைமுகத்துக்குப் போகும். அங்கே கடற்கப்பலுக்கு மாறி, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைச் சுற்றிக்கொண்டு மெர்ஸி நதி முகத்துக்கு. மறுபடியும் கால்வாய்ப் படகுக்கு மாறி, டிரென்ட் மெர்ஸி கால்வாய் வழியாகப் பீங்கான் ஆலை வாசலுக்கு. ஒரு தேநீர்க் கோப்பை ஆவதற்கு முன்பே அந்த மண் பாதி நாட்டைச் சுற்றிவிட்டது.

கல்லுக்குப் புகழ், மண்ணுக்கு உழைப்பு. கல் போக்குவரத்து சுமார் 1858ல் அடங்கிவிட்டது. களிமண்ணோ 1930கள் வரை அந்தக் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது. அதே பள்ளத்தாக்கில் இன்றைக்கும் அந்த மண்ணைத் தோண்டுகிறார்கள், ஆனால் லாரியில் போகிறது.

*பிறகு ஏன் கைவிட்டார்கள்?*
— ஒரு வாசகர், கடலூர்

கல்லுக்கு முதல் அடி கடலோரக் குவாரிகளிடமிருந்து வந்தது. கார்ன்வாலில் கிரானைட் கடற்கரைக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. ஹேடோர் கல் 10 மைல் வண்டியில், 2 மைல் கால்வாயில், பிறகு கழிமுகத்தில், பிறகுதான் கப்பலில். ஒவ்வொரு இடத்திலும் ஏற்றி இறக்க வேண்டும். எத்தனை நல்ல கல்லானாலும் அந்தக் கூலியைத் தாங்க முடியாது.

இரண்டாவது அடி ரயில். 1866ல் நியூட்டன் அபட்டிலிருந்து மோர்டன்ஹாம்ப்ஸ்டெடுக்கு ரயில் பாதை வந்தது. அது வென்டிஃபோர்டைத் தொட்டுக்கொண்டே போகிறது. துறையில் நின்றால் ஒரு பக்கம் குட்டை, மறு பக்கம் ரயில் கரை. நடுவில் சில எட்டுகள்தான். கால்வாயும் ரயில் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. மேல்பாதியில் படகு நின்றது, கீழ்ப்பாதியில் டீன்பிரிட்ஜ் களிமண் கொட்டகைகள் வரை மட்டும் இன்னும் எழுபது ஆண்டுகள் ஓடியது. அந்த ரயிலிலும் 1959ல் பயணிகள் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்.

*கால்வாயைத் தூர்வாரி மறுபடியும் படகு விடலாமே? சும்மா குழியாக வைத்திருப்பதில் என்ன லாபம்?*
— உள்ளாட்சி ஊழியர், நாகப்பட்டினம்

இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. அங்கே தன்னார்வலர்களோடு சேர்ந்து சில சனிக்கிழமைகள் நானும் வேலை செய்தேன். 1999 முதல் உள்ளூர்க்காரர்கள் ஒரு சங்கமாகக் கூடி அந்தக் கால்வாயை மீட்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பையில் ஒரு பிளாஸ்க் டீ. வயதுக்கு மரியாதை கொடுத்து எனக்கு முதல் நாள் கொடுத்த வேலை, லாக் சுவரில் ஏறிய ஐவிக் கொடியை அகற்றுவது. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொடியைப் பிடித்து இழுத்தால் வேரோடு சுண்ணாம்புச் சாந்தும் பெயர்ந்து வந்துவிடும். அடியில் அறுத்துவிட்டு, அது காய்ந்து பிடி தளரும் வரை பொறுத்து, பிறகு உரிக்க வேண்டும். என் பக்கத்தில் வேலை செய்த பெண்மணி இதைச் சொல்லிக்கொடுத்தார். நம் மதகுச் சுவர்களில் அரசமரக் கன்றை எப்படி எடுப்போம் என்று நான் சொன்னேன். இரண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போயிற்று.

இந்த அன்பர்கள் வென்டிஃபோர்டுக் குட்டையைத் தோண்டி மண்ணை அப்புறப்படுத்தியபோதுதான் கல் தண்டவாளங்கள் வெளிவந்தன. குட்டையின் அடியில் பழைய படகுகளின் மிச்சமும் கிடைத்தது. கைவிட்டபோது அப்படியே விட்டுவிட்டுப் போன படகுகள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். படகு விட முடியுமா? இரண்டு மைல் கால்வாயில் படகு எங்கே போகும்? வேறு கால்வாயோடு இணைப்பு இல்லை. ஐந்து லாக்குக்கும் புதுக் கதவு போட்டு, கரை கட்டி, ஆண்டு முழுவதும் நீர் கொடுத்து ஓட்டினால் கிடைப்பது அரை நாள் உல்லாசப் பயணம். அதற்காகப் பழைய கல்லை இடித்துக் கான்கிரீட் போட வேண்டி வந்தால், காப்பாற்ற வந்த பொருளையே இழந்துவிடுவோம். இது என் சொந்தக் கருத்து. அங்கே வேலை செய்கிறவர்களில் சிலர் என்னோடு உடன்படமாட்டார்கள்.

ஆனால் தண்ணீர் வேண்டும். அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. சேற்றுக்குள், தண்ணீருக்குள் கிடக்கும் மரம் காற்றுப் படாததால் நூறு ஆண்டுகளுக்கு மேலும் அழுகாது. அதே மரத்தை வெளியே எடுத்து வெயிலில் போட்டால் சில வாரங்களில் வெடித்து, சில ஆண்டுகளில் தூளாகிவிடும். பழைய மதகுப் பலகைகளைக் கழற்றிக் கரையில் போட்டவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆகவே அந்தப் படகு மிச்சங்களுக்குத் தண்ணீர்தான் கூரை. அவற்றைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டுத் திறந்துபோட்டால் பறிபோய்விடும். தெரியாமல் மூடியிருப்பதே சில பொருள்களுக்குப் பாதுகாப்பு.

லாபம் என்ன என்று கேட்டீர்கள். ஒரு பாடசாலைப் பிள்ளைகள் கூட்டத்தை அங்கே ஒரு நாள் அழைத்து வந்திருந்தார்கள். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் படிக்கல்லின் மேல் ஒரு பொம்மைக் காரை வைத்து ஓட்டிக்கொண்டே போனான். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இணைப்பில் கார் தடுக்கவில்லை. ‘நேராக இருக்கிறது’ என்று தன் ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினான். இருநூறு ஆண்டு மண் சரிவுக்கும் மர வேருக்கும் அசையாத அந்த நேர்மட்டத்தை நான் மட்டக்கோல் வைத்துப் பார்த்திருந்தேன். அவன் காரை வைத்துப் பார்த்துவிட்டான். கணக்கெழுதும் லாபம் எனக்குத் தெரியாது ஐயா, அந்தக் கல் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*இங்கிலாந்து போனால் அந்த இடத்தைப் பார்க்க ஆசை. எப்படிப் போவது? நடக்க முடியாதவர்கள் பார்க்கலாமா?*
— ஒரு தம்பதியர், கோயம்புத்தூர்

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து நியூட்டன் அபட்டுக்கு நேர் ரயில் இருக்கிறது. எக்ஸிடரைத் தாண்டியதும் தண்டவாளம் கடலோரமாகவே போகும். இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். நியூட்டன் அபட்டில் இறங்கி, ஊரின் வடக்கு ஓரத்தில் உள்ள ஜெட்டி மார்ஷிலிருந்து பாதையைப் பிடித்தால் வென்டிஃபோர்டு வரை ஏறக்குறைய சமதரை. மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். வழியில் கிரேவிங் டாக் லாக்கில் கொஞ்சம் நில்லுங்கள். படகைப் பழுதுபார்க்க லாக்கின் பக்கத்திலேயே ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். தண்ணீரை வடித்துவிட்டால் படகு தரையில் உட்காரும், அடிப்பாகத்துக்குத் தார் பூசலாம். எனக்கு அந்தக் கால்வாயில் மிகவும் பிடித்த கட்டுமானம் அது. முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸியில் நேராக வென்டிஃபோர்டுக்கே போய்விடலாம்.

கால் பலம் உள்ளவர்களுக்கு டெம்ப்ளர் வழி என்று 18 மைல் நடைபாதை இருக்கிறது. ஹேடோர் குன்றில் தொடங்கி, கல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி, கால்வாயோரமாக வந்து, கழிமுகக் கரையில் கடலுக்குப் போகிறது. கல் போன வழியிலேயே நீங்களும் போகலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹேடோரில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது, வானிலை பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்று முக்கியம். நியூட்டன் அபட்டுக்குக் கீழே அந்தப் பாதை சில இடங்களில் கழிமுக மணலிலேயே போகிறது. கடல் ஏறினால் பாதை தண்ணீருக்குள் போய்விடும். அன்றைய நீரேற்ற நேரத்தை முந்தின நாளே கேட்டு எழுதிக்கொண்டு, நீர் வற்றும் நேரத்தில் கிளம்புங்கள். ஷால்டன் கரைக்கு வந்துவிட்டால் எதிரே டின்மத். நடுவில் ஆட்களை ஏற்றிப்போகும் சிறு படகு உண்டு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று அங்கே எழுதிப் போட்டிருப்பார்கள்.

(அடுத்த இதழில், இந்த முறை விடுபட்ட கிணறு, போர்வெல் கேள்விகளுக்குப் பதில்கள்.)